விருந்தினரும் அண்டை வீட்டாரும்

வருவோரை எல்லாம் முகமலர்ந்து வரவேற்கும் ஊர் நல்லூர் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், அந்த முகமலர்ச்சி அன்பில் பிறந்ததா, ஆதாயத்தில் பிறந்ததா என்று கேட்போர் சிலரே. சில நாள் தங்கிச் செல்லும் அயலானுக்கு அகலத் திறக்கும் கதவு, ஆண்டு முழுவதும் அருகிலேயே வாழும் அண்டை வீட்டானுக்கும் அவ்வாறே திறக்கின்றதா என்று கேட்போர் அவரினும் சிலர். இவ்விரு வினாக்களையும் ஒரு துறைமுக நகரை முன்னிறுத்திச் சிந்திக்க விழைகின்றோம். அந்நகர் கொச்சி.

மூன்று புறமும் மலைகள் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் கொச்சியோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இரண்டு உண்டு. ஒன்று ஏலம். மலைக்கு அப்பால் இடுக்கித் தோட்டங்களில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலச் சந்தைக்கு இறங்கி வருகின்றது. அச்சந்தையை நடத்தும் நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகம் இருப்பதோ கொச்சியில். அரபு நாட்டு இல்லங்களில் காவாவோடு மணக்கும் ஏலத்தில் நம் மலையின் மணமும் உண்டு. மற்றொரு தொடர்பு நீர். 1895-ஆம் ஆண்டு பென்னி குயிக் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, நம் வயல்களை நனைத்து வைகையில் கலப்பது பெரியாற்று நீர். அதே பெரியாறுதான் மேற்கே ஓடிக் கொச்சிக்கு வடக்கே அரபிக் கடலைச் சேர்கின்றது. 1341-ஆம் ஆண்டில் அவ்வாற்றில் பெருகிய பெருவெள்ளமே பழம்புகழ் பெற்ற முசிறித் துறையை மணலால் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். ஆக, கொச்சித் துறைமுகத்தைப் படைத்த ஆறும், கம்பத்தின் நெல்லை விளைவிக்கும் ஆறும் ஒன்றே. ஓர் ஆற்றின் நீரை உண்போர் ஒருவரையொருவர் அயலார் என்று எங்ஙனம் கூறுவது?

இனி, நிகழ்ச்சிக்கு வருவோம். 1973-ஆம் ஆண்டு தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகைச் சுற்றிப் பாய்மரப் படகுப் பந்தயம் ஒன்று நடைபெற்று வருகின்றது. 2008-ஆம் ஆண்டு அது 'வோல்வோ ஓஷன் ரேஸ்' என்னும் பெயரோடு ஸ்பெயின் நாட்டின் அலிகாந்தேயிலிருந்து அக்டோபர் மாதத்தில் புறப்பட்டது. எழுபது அடி நீளமுள்ள எட்டுப் படகுகள், படகொன்றுக்குப் பதினொருவர். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் தங்கி, நவம்பர் 15-ஆம் நாள் அங்கிருந்து கிளம்பி, இந்துமாக்கடலைக் குறுக்கே கடந்து கொச்சியை நோக்கி வந்தன. இந்தியத் துறைமுகம் ஒன்றில் அப்பந்தயம் தங்கியது அதுவே முதன்முறை. 'எரிக்சன் 4' என்னும் படகு நவம்பர் 29-ஆம் நாள் முதலாவதாக வந்து சேர்ந்தது. டிசம்பர் 13-ஆம் நாள் படகுகள் சிங்கப்பூரை நோக்கிப் பாய் விரித்தன. ஏறத்தாழ இரு வாரங்கள் கொச்சி அவர்களுக்கு விருந்தோம்பும் இல்லமாயிற்று.

அந்த நவம்பர் 29 எத்தகைய நாள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூன்று நாட்களுக்கு முன், அதே அரபிக் கடல் வழியாக மும்பைக் கரையில் பதின்மர் இறங்கினர். அவர்கள் கைகளில் இருந்தவை துப்பாக்கிகள். நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அக்கொடுமை முற்றுப்பெற்றதும் அதே 29-ஆம் நாள் காலையில்தான். ஒரே கடல், ஒரே வாரம். ஒரு கரையில் கொலைஞர் இறங்கினர். மறு கரையில் விருந்தினர் இறங்கினர். கடலுக்கு எண்ணம் தெரியாது; அது இருவரையும் சுமந்து வந்தது. செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமையும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அறிந்த நமக்கு இஃது எத்துணைத் தெளிவான பாடம்!

அன்று மும்பை முஸ்லிம்கள் செய்த ஒரு செயலையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். கொல்லப்பட்ட அக்கொடியோர் ஒன்பதின்மரின் உடல்களுக்குத் தம் அடக்கத்தலத்தில் இடமில்லை என்று அவர்கள் அறுதியிட்டுக் கூறிவிட்டனர். நம் பெயரைத் தாங்கி வந்தாலும், விருந்தினன் வேடத்தில் வந்து இல்லத்தாரைக் கொன்றவன் நம்மவன் அல்லன் என்பதே அதன் பொருள். அதே வேளையில், கொச்சி தன் கதவை மூடிக்கொள்ளவில்லை. காவல் கடுமையாயிற்று, வரவேற்பு நிற்கவில்லை. எச்சரிக்கையும் விருந்தோம்பலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அந்நகர் காட்டியது. அஞ்சத்தக்கவன் ஒருவன் வந்தான் என்பதற்காக வருவோர் அனைவரையும் அஞ்சுவது, அவ்வொருவன் விரும்பியதையே நாம் செய்து முடிப்பதாகும் அன்றோ?

பாய்மரப் படகினர் கரையிறங்கிக் கண்ட நகர் எது? மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் நடந்தோர், ஒருசில பர்லாங்குத் தொலைவுக்குள் ஓர் உலகையே கண்டிருப்பர். 1568-இல் எழுந்த யூதர்களின் தொழுகைக்கூடம். அதனை ஒட்டியே அரண்மனையும் கோயிலும். கொங்கணியரின் கோயில், குஜராத்தியரின் கிடங்குகள், சமணர் ஆலயம், கட்சி மேமன்களும் தக்கனி முஸ்லிம்களும் மலையாள மாப்பிள்ளைகளும் தொழும் பள்ளிவாசல்கள், கிறித்தவ தேவாலயங்கள். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் அத்தெருக்களில் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் உருதுவும் நம் தமிழும் ஒலிக்கின்றன.

இத்தனை மக்களும் ஓரிடத்தில் எவ்வாறு கூடினர்? மிளகு அவர்களை அழைத்தது என்பது பாதி விடை. காற்று அவர்களை நிறுத்தி வைத்தது என்பது மறு பாதி. பாய்மரக் காலத்தில் மேற்கிலிருந்து வந்த கப்பல், தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்தது. திரும்ப வேண்டுமானால் காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் கரையிலேயே காத்திருத்தல் வேண்டும். இறைவன் நாடினால் காற்றை அடக்கிவிடுவான். மலைபோன்ற கப்பல்கள் கடலின் முதுகில் அசைவற்று நின்றுவிடும் என்னும் கருத்தைத் திருமறை நமக்கு நினைவூட்டுகின்றது. காற்றுக்குக் காத்திருந்தவர் வீடு வாடகைக்கு எடுத்தார், கடன் கொடுத்தார், கடன் வாங்கினார், மணம் புரிந்தார், பிள்ளை பெற்றார், தொழப் பள்ளி கட்டினார், இறந்தோரை அம்மண்ணிலேயே அடக்கினார். வந்த விருந்தினரை அண்டை வீட்டாராக மாற்றியது அக்காத்திருப்பேயாகும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் மரைக்காயர் குடிகள் தழைத்த வரலாறும் இதற்கு வேறன்று. குதிரை வீரரைக் குறிக்கும் ராவுத்தர் என்னும் பெயரைத் தாங்கி இப்பள்ளத்தாக்கில் வாழ்வோரும், அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலேறித் தமிழகத் துறைகளில் வந்திறங்கிய காலத்தை மறப்பதற்கில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "இவையெல்லாம் வாணிபத்தின் விளைவு, வணிகன் சிரிப்பது வாங்குவோனுக்காக, இதில் அறம் எங்கே வந்தது?" என்பர். மறுப்பு வலியதே. ஆயினும் இஸ்லாம் வாணிபத்தை இழிவாகக் கருதும் மார்க்கமன்று. அண்ணலாரே வணிகப் பயணம் மேற்கொண்டவர்கள். நம்பிக்கைக்குரியவர் என்னும் பெயரை மக்காவின் மக்கள் அவர்களுக்குச் சூட்டியதும் நபித்துவத்துக்கு முன்னரே. குறைஷியரின் மாரிக்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் குறிப்பிடும் திருமறை, பசிக்கு உணவும் அச்சத்தினின்று பாதுகாப்பும் இறைவன் தந்த அருட்கொடைகள் என்று உணர்த்துகின்றது. எனவே ஆதாயம் தேடி ஒருவன் கதவைத் திறந்தான் என்பதால் மட்டும் அக்கதவு பழிக்கத்தக்கதாகிவிடாது. முன்பின் அறியாதவனை நம்பிக் கடன் கொடுக்கவும், அறியாத மொழியில் அளவு கூறவும், வேற்று மதத்தான் சத்தியத்தை ஏற்கவும் மனிதனுக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் சந்தையே.

ஆனால் சந்தை கற்றுக்கொடுக்காத பாடமும் உண்டு. அதையும் கொச்சியின் வரலாறே கூறும். 1500-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் கப்ராலின் தலைமையில் கொச்சிக்கு விருந்தினராய் வந்தனர், அரசர் இடமளித்தார். அக்காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி கொணர்ந்து கொச்சியில் விற்றோர் மரைக்காயர்கள். தொடக்கத்தில் அவர்கள் போர்த்துக்கீசியரோடும் வாணிபம் செய்தனர். ஆயின், வந்தவருக்குப் பங்கு போதவில்லை, முழுவதும் வேண்டியிருந்தது. தம் அனுமதிச் சீட்டின்றி எக்கப்பலும் இக்கடலில் செல்லலாகாது என்றனர். 1502-இல் மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் நிறைந்த கப்பலை வாஸ்கோட காமா எரித்த கொடுமை உலகறிந்தது. மரைக்காயர் கொச்சியை விட்டுக் கோழிக்கோட்டுச் சாமூத்திரியின் பக்கம் பெயர்ந்தனர். அரிசி வணிகர் குலத்திலிருந்து குஞ்ஞாலி மரைக்கார் என்னும் கடற்படைத் தலைவர்கள் தோன்றினர். அவர்களுள் இறுதியானவர் 1600-இல் கோவாவில் கொலைத் தண்டனைக்கு ஆளானார். ஆதாயம் கதவைத் திறக்கும். அதே ஆதாயம் பேராசையாய் முற்றும்போது, பின்னால் வருபவன் முகத்தில் அக்கதவை அறைந்தும் சாத்தும். கதவைத் திறந்தே வைத்திருக்க வேறொன்று வேண்டும். அது யாது?

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலேயே விடை இருக்கின்றது. இஸ்ரேல் நாடு 1948-இல் தோன்றிய பின்னர், அத்தெருவின் மக்கள் சிறுகச் சிறுகப் புறப்பட்டுச் சென்றனர். இறுதிவரை தங்கிய மிகச் சிலருள் முதிய யூதப் பெண்மணி ஒருவர் பூத்தையல் கடை வைத்திருந்தார். கணவரும் மறைந்து, பிள்ளைகளும் இல்லாத அவரைத் தம் தாய்போல் பேணிக் கடையையும் நடத்திக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம். 2019 ஆகஸ்டில், தொண்ணூறு வயதைக் கடந்து, அப்பெண்மணி கண்மூடும்வரை அவ்வுறவு நீடித்தது. பாலஸ்தீனத்தின் துயரம் நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் கனல்வது. அத்துயரத்தின் பெயரால் தன் தெருவில் வாழும் தனித்த மூதாட்டியை வெறுக்கக் கூடாது என்பதை அந்த முஸ்லிம் அறிந்திருந்தார். எவரும் அதற்காக அவருக்கு விழா எடுத்ததாகத் தெரியவில்லை. அவர் அதனை வேண்டியதாகவும் தெரியவில்லை. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாக அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறியுள்ளமை அவர் நெஞ்சில் நின்றிருக்கும் போலும்.

விருந்தினனுக்கும் அண்டை வீட்டானுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகின்றது. விருந்துக்கு எல்லை மூன்று நாள். அதற்கு மேல் அளிப்பது தர்மம். இல்லத்தாரைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு விருந்தினன் தங்குதலும் ஆகாது. இவ்வாறு நபிமொழி இரு தரப்பாரின் கடமையையும் வரையறுக்கின்றது. அண்டை வீட்டானின் உரிமைக்கோ நாள் வரையறை இல்லை. திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 36-ஆம் வசனத்தில், நன்மை செய்யப்பட வேண்டியோர் வரிசை பெற்றோரில் தொடங்கி, உறவினர், அநாதைகள், ஏழைகள், நெருங்கிய அண்டை வீட்டார், அயலாரான அண்டை வீட்டார், பக்கத்தில் உடனிருப்போர் என்று நீண்டு, அதன் பின்னரே வழிப்போக்கரைக் குறிப்பிடுகின்றது. வரிசையை வைத்துச் சட்டம் வகுக்க நாம் முற்படவில்லை. அதற்குரிய ஆலிம்கள் இருக்கின்றனர். ஆயினும், தொலைவிலிருந்து வரும் முஸாபிரை உபசரிக்கும் நாம், அவருக்கு முன்னே பெயர் குறிக்கப்பட்டோரைக் கடந்து சென்றுவிடுகின்றோமோ என்று எண்ணிப் பார்க்க அவ்வரிசை நம்மைத் தூண்டுகின்றது.

கொச்சிக்கு வந்த படகினரை அன்போடு நடத்துவது அரிதன்று. அவர்கள் நம் நிலத்தைக் கேட்கவில்லை, நீரைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. இரு வாரத்தில் சென்றும்விடுவர். அவர்களுக்கும் நமக்கும் எவ்வித வழக்கும் இல்லை. வழக்கில்லாத இடத்தில் அன்பு காட்ட யாரால் இயலாது? அதே கொச்சியில், டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகக் கொணரப்பட்ட தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் கோட்டைக் கொச்சியில் வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாக அழுக்கு வெளுத்த அவர்களை அந்நகர் எவ்வாறு நடத்தியது என்பதே, படகினருக்கு அளித்த விருந்தைவிட அந்நகரின் பெருமையை அளக்கும் கோல்.

இக்கோலை நம் பக்கமும் திருப்புதல் வேண்டும். படகுகள் வந்து சென்று மூன்றாண்டுகள் கழிந்த 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிய வழக்கு தெருவுக்கு வந்தது. குமுளிச் சாலை பல நாட்கள் அடைபட்டது. பொழுது விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகளில் ஏறி, மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் நம் பெண்கள் வேலையிழந்தனர்; தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கி வந்தனர். இப்பக்கத்திலோ, மலையாளிகளின் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. கேப்டவுனிலிருந்து கடல் கடந்து வந்தவனுக்கு வழி திறந்திருந்தது. கம்பத்திலிருந்து மலை கடந்து செல்பவளுக்கு வழி அடைபட்டது. கடல் குறுகி, கணவாய் அகன்றுபோயிற்று!

நீருரிமை கோரியது பிழை என்று நாம் கூறவில்லை. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் வாழ்வு அவ்வணையில் இருக்கின்றது. 1886-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் இருக்கின்றது. அணைக்குக் கீழே வாழும் மலைநாட்டு மக்களின் அச்சமும் அவர்களுக்கு மெய்யானதே. இத்தகைய வழக்கைத் தீர்க்க நீதிமன்றம் உண்டு. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று தீர்ப்பும் வழங்கியது. இன்றும் வாதங்கள் தொடர்கின்றன, தொடரட்டும். ஆனால் வழக்கு வேறு, பகை வேறு. வழக்கு ஓர் உரிமையைப் பற்றியது. பகை ஒரு மனிதனைப் பற்றியது. அணையின் உயரத்தைத் தேநீர்க்கடைக்காரன் தீர்மானிக்கவில்லை. ஏலம் பறிக்கும் பெண்ணும் தீர்மானிக்கவில்லை. ஒரு சமுதாயத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்பது திருமறையின் கட்டளை. அண்டை வீட்டானிடம் அன்பு காட்டுவது அரிதாவதற்குக் காரணம், அவனோடு நமக்கு வழக்கு இருப்பதே. அக்காரணத்தாலேயே அங்குக் காட்டும் அன்பு விலைமதிப்புடையதாகின்றது.

இன்று நம் ஊர்களும் ஒருவகைத் துறைமுகங்களாகிவிட்டன. ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர்; தோட்டத்திலும் ஆலையிலும் உணவகத்திலும் கட்டட வேலையிலும் உழைக்கின்றனர். அவர்களுள் பலர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நம் பக்கத்திலேயே தோள் சேர்த்து நிற்கின்றனர். தொழுகை முடிந்ததும் அவர்கள் பெயரை நாம் கேட்டதுண்டா? வாடகைக்கு அறை கேட்டு வருபவனின் மொழியைக் கேட்டவுடன் "இடமில்லை" என்று கூறும் வீடுகள் நம் தெருவில் எத்தனை? வேர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழி, மொழி தெரியாதவனின் கூலிக்கும் பொருந்தும் அல்லவா? நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வளைகுடா நாடுகளில் இதே நிலையில் நிற்கின்றனர்! அங்கே அவர்களுக்கு எது கிடைக்க வேண்டும் என்று இரவுத் தொழுகையில் கையேந்துகின்றோமோ, அதனை இங்கே வந்தவருக்கு நாம் அளிப்பதே அந்தத் துஆவுக்குச் சான்றாகும்.

மக்களைப் பல இனத்தாராகவும் குலத்தாராகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கின்றது திருமறை. அறிந்துகொள்ளுதல் என்பது வேடிக்கை பார்த்தல் அன்று. படகினர் இரு வாரங்களில் கொச்சியைக் கண்டனர். அறிந்தனரா என்பது அவர்களுக்கே வெளிச்சம். அறிதலுக்குக் காத்திருத்தல் வேண்டும். பண்டைய மாலுமிகளைக் காற்று காத்திருக்கச் செய்தது. நம்மைக் காத்திருக்கச் செய்யும் காற்று எதுவும் இல்லை. நாமே நின்று, நாமே பெயர் கேட்டு, நாமே கதவைத் திறத்தல் வேண்டும்.

கொச்சியில் அப்பந்தயப் படகுகள் தங்கியது அந்த ஒருமுறையே. பின்னர் அவை இந்தியக் கரைக்கு வரவில்லை. குமுளிச் சாலையில் ஜீப்புகளோ நாள்தோறும் விடியுமுன் ஏறிச் செல்கின்றன. பொழுது சாயத் திரும்புகின்றன. பெரியாற்று நீரும் இருபுறமும் ஓடிக்கொண்டே இருக்கின்றது. தொலைவிலிருந்து வருவோரை வரவேற்கும் பண்பை நமக்கு அளித்த வல்ல இறைவன், அருகிலிருப்போரின் உரிமையை உணரும் உள்ளத்தையும் நமக்கு அளிப்பானாக!